தங்கவயலில் தக்காளி ரொட்டி கிடைக்கும் இடங்கள்

ரொட்டி வெந்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறவன் கற்றுக்குட்டி. காதால் கேட்டுச் சொல்கிறவன்தான் அடுப்புக்காரன். மூடிய அடுப்புக்குள்ளே மேல்தோல் வெடிக்கும்போது ஈர விறகு முணுமுணுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்தால் கதவைத் திறக்கலாம். எங்கள் ஊரில் இன்னொரு சத்தமும் உண்டு. அது காலுக்கு அடியிலிருந்து வரும். முதலில் ‘தும்’ என்று ஒன்று. பிறகு அடுக்கி வைத்த தகரத் தட்டுகள் குளிரில் பல் தந்தியடிக்கிற மாதிரி நடுங்கும். அடுப்பு முகட்டிலிருந்து மண் உதிரும். தங்கச் சுரங்கத்துக்குள்ளே எங்கோ பாறை வெடித்திருக்கிறது. எந்த ஷாப்ட்டுக் குழியில், எத்தனை அடியில், யார் தலைமேல் என்பது மட்டும் மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது.

வீட்டு ஆளைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டு, மேலே கையைப் பிசைந்துகொண்டு பிழைக்கிறவர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் ரொட்டிக்காகப் படித்துக்கொள்ளட்டும்.

நானும் கீழே இறங்கினவன்தான். குடியாத்தத்திலிருந்து வந்த புதிதில் ஷாப்ட்டுக்குள் மரம் கட்டுகிற வேலை. பாறை இறங்காமல் இருக்க முட்டுக் கொடுக்கிற வேலை அது. ஒரு நாள் பக்கத்தில் வெடித்தது. என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாள் கேஜ் வாசலில் நின்றபோது கால் நகரவில்லை. அதற்கு மறுநாளும் நகரவில்லை. வேலை கைவிட்டுப் போகக்கூடாதே என்று என் இடத்துக்கு மச்சான் தாவீதை அனுப்பினேன். என் மனைவி எஸ்தரின் தம்பி. தாயில்லாத பிள்ளை, அவள்தான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். பத்து நாளைக்கு என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஏழு வருஷம் ஆகிறது. நான் காதர் பாயின் ரொட்டிக் கிடங்கில் ராத்திரி அடுப்புக்காரன் ஆனேன். அவனுக்கும் ராத்திரி ஷிப்ட்டு. மேலே நான், கீழே என் இடத்தில் அவன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் எஸ்தர் முகத்தில் எப்படி விழிப்பேன்? இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் இந்தச் சுற்றுவட்டாரத்து அடுப்பெல்லாம் தேடிப் போய்த் தின்றிருக்கிறேன்.

அடையாளம் போட்ட ரொட்டி

தக்காளி ரொட்டியை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் இத்தாலி தேசத்து ஆட்கள். பாறை குடைய வந்தவர்கள். அவர்களில் பீட்ரோ மேஸ்திரி என்று ஒருவர். தாவீது அவர் கூட்டத்தில்தான் வேலை செய்கிறான். ஒரு நாள் விடியற்காலை பீட்ரோ எங்கள் கிடங்குக்குள் நுழைந்து, கேட்காமலே ஒரு உருண்டை மாவை எடுத்தார். உள்ளங்கையால் தட்டித் தட்டி அகலமாக்கினார். சீமைத் தக்காளியை நசுக்கிப் பூசி, பூண்டைக் கிள்ளிப் போட்டு, துணியில் கட்டிப் பிழிந்த ஆட்டுப்பால் கட்டியை மேலே உதிர்த்து, தணலை ஒதுக்கிவிட்டு அடுப்பின் வெறும் தரையில் தள்ளினார். வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் வெந்துவிட்டது. அதற்கு அவர் ஊரில் ஒரு பெயர், பக்கத்து ஊரில் ஒரு பெயர் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. நாங்கள் தக்காளி ரொட்டி என்றோம். ஒரே மாதத்தில் நம் ஆட்களும் அதைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ராத்திரி ஷிப்ட்டு ஏறி வருகிற நேரத்துக்குச் சுட்டு, கிழக்குச் சுவர்ப் பலகையில் வரிசையாக வைப்போம். யாருடையது எது என்று தெரிய ஓரத்தில் அடையாளம். பீட்ரோவுக்கு ஒரு சிலுவைக் கீறல். தாவீதுக்கு இரண்டு விரல் பள்ளம். ஏறி வந்தவன் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போவான். எடுக்காத ரொட்டியை யாரும் தொடக்கூடாது, விற்கக்கூடாது, காக்கைக்குக்கூடப் போடக்கூடாது. அந்த ஆள் வர வேண்டும், இல்லையென்றால் அவன் வீட்டார் வர வேண்டும். சுரங்கத்துக் கணக்கெழுதப் புதிதாக வந்த ஒரு ரைட்டர் பசியில் பலகையில் மிஞ்சியிருந்த ஒன்றின்மேல் கை வைத்துவிட்டார். காதர் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். குரல் உயரவில்லை. “கைய எடுங்க ரைட்டரே. அது ரொட்டி இல்ல, ஆளு.”

நந்திதுர்க் பக்கம், வெங்கடம்மா அடுப்பு

அடுப்புக்காரன் இன்னொரு அடுப்பைப் புகழ்வது லேசில் நடக்காது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் போனால் வெங்கடம்மா கையால் ஒரு ரொட்டி தின்னாமல் திரும்பாதீர்கள். தங்கம் உருக்கிவிட்டு உடைத்துப் போடுகிற மண்குகை என்கிற உருக்குக் கிண்ணங்கள் இருக்கின்றனவே, அந்த ஓடுகளை இடித்து அடுப்புக்குத் தளம் போட்டிருக்கிறாள். சூடு இறங்கவே இறங்காது. அடிப்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கும், நடுவில் பஞ்சு. ஆட்டுப்பால் கட்டிக்குப் பதிலாகப் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள், எல்லோரையும் அண்ணா என்பாள். தாவீது ஒரு தடவை அங்கே தின்றுவிட்டு வந்தான். “எப்படி?” என்று கேட்டேன். “ஏதோ கீது” என்றான். அவன் அப்படிச் சொன்ன விதத்திலேயே, எங்கள் ரொட்டியைவிட நன்றாக இருந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு நாள் காலை வேலை முடிந்து நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு வாய் கடித்திருப்பேன். ‘தும்’. வாயில் ரொட்டியோடு எழுந்து ஓடினேன். செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது. எதிரே வந்த ஒரு கிழவரை மடக்கி, “எந்த ஷாப்ட்டு? எந்த ஷாப்ட்டுங்க?” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ரோட்டுக்கு வெடி வெச்சுக் கல்லு ஒடைக்கறாங்கப்பா” என்றார். அது மட்டுமில்லை. தாவீது அன்று ஷிப்ட்டு முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கே தெரியும். தெரிந்துதான் ஓடினேன். பயத்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. வெட்கத்தோடு திரும்பி வந்தேன். வெங்கடம்மா செருப்பை ஓரமாக எடுத்து வைத்திருந்தாள். கடித்த ரொட்டியைத் தட்டு போட்டு மூடியிருந்தாள். “ஓடற ஜனத்துக்கு நான் தட்டு கழுவறதில்ல அண்ணா. பாதி தின்னுட்டு ஓடுங்க, மீதிய வந்து தின்னுங்க.”

பூதிகோட்டை, சத்தமில்லாத ஊர்

எங்கள் மாவு கள்ளில்தான் பொங்குகிறது. ஈச்ச மரத்துக் கள். அது பூதிகோட்டைத் தோப்புகளிலிருந்து வண்டியில் வரும். வண்டி வராவிட்டால் மாவு கல்லாகக் கிடக்கும்; மறுநாள் பலகை காலி. ஒரு தடவை மாடு நொண்டியாகிவிட்டது என்று தகவல் வந்து, பாய் என்னையே அனுப்பிவைத்தார். கள் இறக்குகிறவரின் பெண்சாதி முனியம்மா கிணற்றடியில் தக்காளி போட்டிருக்கிறாள். கவிழ்த்த பானைமேல் மாவைத் தட்டிப் போட்டு, தணலில் சுட்ட தக்காளியை உப்பும் பூண்டும் சேர்த்து நசுக்கிப் பூசித் தருகிறாள். அடுப்பு இல்லை, தளம் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படி ஒரு ருசி. நம்புங்கள், நம்பாமல் போங்கள்.

அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தரை ஒன்றும் பேசவில்லை. ஒரு நடுக்கம் இல்லை. சந்தோஷமாக இருக்க வேண்டியவன்தான். ஆனால் எனக்கு வியர்த்தது. சத்தம் கேட்டால் பயப்படலாம், விசாரிக்கலாம், ஓடலாம். கேட்காத தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன செய்வான்? அன்று பார்த்துத் தாவீதுக்குப் பகல் ஷிப்ட்டு மாற்றியிருந்தார்கள். இந்த நேரம் அங்கே வெடித்திருந்தால்? மூன்று மணி நேர நடை. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். யாரும் பார்க்காதபோது உள்ளங்கையைத் தரையில் வைத்து வைத்துப் பார்த்தேன். முனியம்மா பார்த்துவிட்டாள். “இன்னாத்த தேடறீங்க? காசு வுழுந்திருந்தா என் புருஷன் எப்பவோ எடுத்திருப்பான். ரொட்டிய தின்னுங்க.”

மைசூர் மைன்ஸ், அந்தோணியின் தகர டின்

இது கடை இல்லை. துரைமார் வீட்டில் சமைக்கிற குசினிக்காரர் அந்தோணி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தன் வீட்டு வாசலில் ஒரு கிருஷ்ணாயில் டின்னைப் படுக்கவைத்து, சுற்றிலும் தணல் கொட்டி ரொட்டி சுடுவார். டின்னுக்கு இரண்டுதான் பிடிக்கும். ஆனால் மேலே போடுவது அசல் சீமைப் பாலாடைக்கட்டி. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவனுக்கு ரொட்டி கிடையாது.

நானும் தாவீதும் போயிருந்தோம். ஏழெட்டுப் பேர் பலகை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே யாரோ ஒரு பித்தளை அண்டாவைக் கீழே போட்டுவிட்டார்கள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அது வழக்கம்தான். பக்கத்தில் பார்த்தால் தாவீதைக் காணோம். மேஜைக்கு அடியில் இருந்தான். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு. எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். எழுந்து வந்து அவனும் சிரித்தான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். நான் மட்டும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு வருஷமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், எனக்குப் பயம், அவனுக்குத் தைரியம், அதனால் நான் மேலே, அவன் கீழே. அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் அனுப்பியது தைரியசாலியை இல்லை. அந்தோணி தணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “ரொட்டி ஒண்ணும் கீழ வுழல, தாவீது. நீதான் வுழுந்தே.”

பலகையில் ஐந்து

அது நடந்து பதினைந்து நாள் இருக்கும். விடியப் போகிற நேரம். கடைசி ஈடு ரொட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். ‘தும்’ என்று வரவில்லை அன்று. யாரோ பூமியைத் தூக்கிக் கீழே வைத்த மாதிரி வந்தது. பலகை ஒரு முழம் நகர்ந்தது. முகட்டு மண் ரொட்டிமேல் கொட்டியது. ஒவ்வொன்றாக எடுத்து ஊதினேன். இரண்டு விரல் பள்ளம் போட்டதை இரண்டு தடவை ஊதினேன்.

சங்கு ஊதிற்று. ஆட்கள் வந்தார்கள். வெள்ளையாகத் தூசி பூத்த முகங்கள். தங்கள் தங்கள் ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். “கீழ் லெவல்ல வுழுந்துகீது” என்றான் ஒருவன். “எங்களுக்கப்புறம் கேஜ் மாட்டிக்கிச்சி” என்றான் இன்னொருவன். பலகை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஐந்து நின்றன. பீட்ரோ கூட்டத்து ஐந்து பேர். சிலுவைக் கீறல் ஒரு ஓரத்தில், இரண்டு விரல் பள்ளம் இன்னொரு ஓரத்தில். வெயில் வந்து ஐந்தின்மேலும் விழுந்தது.

“கேஜ் வாசல்ல போய்க் கேட்டுகினு வாப்பா” என்றார் காதர் பாய். போனேன். கேஜை இழுக்கிற ஷாப்ட்டுச் சக்கரம் தெரிகிற திருப்பம் வரைக்கும் போனேன். சக்கரம் சுற்றவில்லை. அவ்வளவுதான், கால் நின்றுவிட்டது, அதே பழைய கால். இன்னும் நூறு அடி நடந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தேன். பாறையைவிட மோசமான காரியத்தை நான் செய்தது அங்கேதான்.

எஸ்தர் களி கிண்டிக்கொண்டிருந்தாள். “ரொட்டி அப்படியே கீது” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் லைன் வீடுகளில் அதற்குமேல் சொல்ல வேண்டியதும் இல்லை. துடுப்பு அவள் கையிலிருந்து நழுவியது. அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்து வாசல் எல்லாம் திறந்தது. உபதேசியார் ஜெபப் புத்தகத்தோடு வந்துவிட்டார். சவப்பெட்டி செய்கிறவர் வீட்டுக்கு ஒருவன் ஓடினான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். “பத்து நாளுன்னு சொன்னீங்களே” என்றாள். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

அடுத்து நடந்ததை லைன் கோடி வீட்டு மரியம்மாள் பிறகு சொல்லித்தான் கேட்டேன். கூட்டத்தின் கடைசியில் அவள் நின்றிருந்தாளாம். பின்னாலிருந்து ஒரு குரல், “யாரு அக்கா போனது?” என்று கேட்டதாம். அழுதுகொண்டே திரும்பாமல், “நம்ம எஸ்தர் தம்பி, தாவீதுதான்” என்றாளாம். பின்னால் நின்றவன் தலைத்துண்டை எடுத்துவிட்டு மரியாதையாக நின்றானாம். கொஞ்ச நேரம் கழித்து, தன் கையையே கிள்ளிப் பார்த்துக்கொண்டானாம்; இது அவனே பிறகு சொன்னது. மரியம்மாள் அப்போதுதான் திரும்பினாள்; நின்றது தாவீது. அவள் போட்ட கூச்சலில் உபதேசியார் புத்தகத்தைக் கீழே போட்டார்.

கேஜ் மாட்டிக்கொண்டதும் பீட்ரோ தன் ஆட்களை அந்த லெவல் சுரங்கப் பாதையோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்து ஷாப்ட்டு வழியாக ஏற்றிவிட்டிருக்கிறார். மெழுகுவத்தி தீர்ந்து, ஒருத்தன் இடுப்பை ஒருத்தன் பிடித்துக்கொண்டு, இருட்டில் இரண்டு மணி நேரம். ஏறின இடத்திலிருந்து வெங்கடம்மா அடுப்பு கூப்பிடு தூரம். ஐந்து பேரும் நேரே அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். தாவீது மீசையில் தக்காளி காய்ந்திருந்தது. மடியில் ஒரு ரொட்டி, அக்காளுக்காக, இலையில் சுற்றி. எஸ்தர் அவனை முதலில் களித் துடுப்பால் நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் கையை உயர்த்தித் தடுக்காமல் வாங்கிக்கொண்டான். “உசுரோட ஏறி வந்தா பசிக்குது அக்கா, நான் இன்னா பண்ணட்டும்” என்றான்.

சாயங்காலம் கிடங்குக்கு வந்தான். கேஜைச் சரிசெய்துவிட்டார்களாம், ராத்திரி வழக்கம்போல ஷிப்ட்டு. பலகையில் அவன் ரொட்டி மட்டும் காலையிலிருந்து அப்படியே கிடந்தது. மற்ற நாலும் போய்விட்டன. எடுத்துக் கடித்தான். “காய்ஞ்சு போன எருமுட்டை மாதிரி கீது மாமா” என்றான். ஆனாலும் கீழே வைக்கவில்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்து மென்றுகொண்டே இருந்தான். தெருவில் வண்டி ஒன்று தடதடக்க, அவன் கை தானாகத் தலைக்குப் போனது. தலைத்துண்டைச் சரிசெய்கிற சாக்கில் அதை மறைத்தான்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “மச்சான், போதும். இன்னிலேர்ந்து நீ இங்க நில்லு. பாய்கிட்ட நான் பேசறேன். மாவு பிசையறது பெரிய வித்தை ஒண்ணுமில்ல. என் எடத்துக்கு நானே எறங்கறேன்” என்றேன். நெருப்புக்கு முன்னால் நின்றவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் செய்த உருப்படியான காரியம்.

தாவீது மெல்லுவதை நிறுத்தினான். என் காலைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, தலைத்துண்டை உதறிக் கட்டினான். வாசலைத் தாண்டிப் போய், திரும்பி நின்று சொன்னான்:

“உங்க பயத்துக்கு அந்தக் கேஜுல எடம் பத்தாது மாமா. பயந்துகினே நீங்க மேல சுடுங்க, பயந்துகினே நான் கீழ எறங்கறேன்.”

தங்கவயலில் நல்ல ரொட்டி எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், நம் ஆள் ஏறி வந்து பசிக்குது என்று உட்கார்கிற இடம் எதுவோ அங்கேதான் என்று சொல்லிவிட்டு, நான் சல்லடையை எடுத்து ராத்திரி மாவைச் சலிக்க உட்காருகிறேன்.